ஒரு சிப்பம், நாலு பேர், இரண்டு வாரம்: உலகம் குலைந்த பிறகான ரோல்பிளே ஆட்டத்தில் சாப்பாட்டுக் கணக்கு

ரோல்பிளே ஆட்டம் என்றால், டேபிளைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துவது. உங்கள் ஆட்டம் திருச்சியில் நடக்கிறது என்றால், கேரக்டர்கள் டின் உணவைத் தேடி அலையக் கூடாது. அமெரிக்காவில் எழுதிய விதிப் புத்தகங்களில், பாழடைந்த கடைக்குள் நுழைந்து டைஸ் உருட்டினால் பீன்ஸ் டின் கிடைக்கும். அந்த ஊருக்கு அது சரி. நம் மளிகைக் கடையில் டின்னைத் தேடினால் பால் பவுடர், நெய், எண்ணெய் என்று சிலவற்றோடு முடிந்துவிடும். நமக்குச் சாப்பாடு இருப்பது மூட்டையில். அதைத் தூக்க ஆள் வேண்டும், ஈரம் படாமல் வைக்க இடம் வேண்டும், பூச்சி விழாமல் பார்க்க வேண்டும், தண்ணீரும் விறகும் தேடி வேக வைக்க வேண்டும். இத்தனை வேலையும் ஆட்டத்துக்குள் வந்தால்தான் அது நம் ஊர்க் கதை.

எங்கள் குடும்பம் திருச்சியில் அரிசி மண்டி வைத்திருந்தது. மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுக்கு ரோல்பிளே ஆட்டம் நடத்துகிறேன். மின்சாரமும் டீசலும் நின்றுபோன காவிரிக் கரைதான் களம். கதையை நடத்தும் கேம் மாஸ்டராக நான் பிடிவாதமாக வைத்திருக்கும் கொள்கை ஒன்று உண்டு. பசியால் ஒரு கேரக்டர் சாவது அரிதாக இருக்க வேண்டும். பசியால் அவர்களுடைய முடிவு மாறுவது ஒவ்வொரு செஷனிலும் நடக்க வேண்டும். கீழே சொல்லும் விதிகள் எல்லாம் அதற்காகத்தான்.

அளவு

பல விதிப் புத்தகங்களில் 'ஒரு நாள் ரேஷன்' என்று ஒரு பொருள் இருக்கும். அது என்ன, எவ்வளவு எடை, எதில் கட்டியிருக்கிறது, ஒன்றும் தெரியாது. அதை விட்டுவிட்டு, சின்ன அரிசி மூட்டையான சிப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிசிக் கடைகளில் இப்போது 26 கிலோ சிப்பம் சாதாரணமாகக் கிடைக்கிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டத் தொடங்கினார்கள். நமக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. நிவாரண அமைப்புகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று வைத்துத் திட்டம் போடுகின்றன. 450 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 30 கிராம் வெல்லம் சேர்ந்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும். நாலு பேருக்கு நாளொன்றுக்கு 1.8 கிலோ அரிசி. அப்படியானால் ஒரு சிப்பம் நாலு பேருக்கு இரண்டு வாரம். இந்த ஒரு வரியை ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்துவிட்டால் போதும், மற்ற கணக்கெல்லாம் தானாக வரும்.

நான் புளியங்கொட்டை வைத்து எண்ணுகிறேன். ஒரு கொட்டை என்றால் நாலு பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. ஒரு சிப்பத்துக்கு 14 கொட்டை. டேபிள் நடுவில் ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுவேன். ஆட்டத்தில் ஒரு நாள் போனால், எட்டுப் பேர் உள்ள கூட்டம் இரண்டு கொட்டையை எடுத்து வெளியே வைக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் இருவரை ஓர் ஆளாகக் கணக்கிடுங்கள். கொட்டையை எடுப்பது நான் இல்லை, ஆட்டக்காரர்கள்தான். கிண்ணம் குறைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். டைஸ் உருட்டி 'தீர்ந்ததா இல்லையா' என்று பார்க்கும் முறையும் உண்டு. அம்புக்கும் டார்ச் பேட்டரிக்கும் அது போதும். சாப்பாட்டுக்கு வேண்டாம். பஞ்சத்தில் இருக்கிறவர்கள் எதை எண்ணாவிட்டாலும் அரிசியை எண்ணுவார்கள்.

பருப்பும் எண்ணெயும் இல்லாமல் வெறும் அரிசியிலேயே 2,100 கலோரி வேண்டும் என்றால் ஆளுக்கு 600 கிராம் ஆகும். அதே சிப்பம் 11 நாளில் காலி. அதனால் எண்ணெயின் மதிப்பை ஆட்டக்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். ஒரு 15 கிலோ எண்ணெய் டின்னில் இருக்கும் கலோரி, ஒரு சிப்பம் அரிசியைப் போல ஒன்றரை மடங்கு. கடைக்குள் போகிற கூட்டம் எப்போதும் அரிசியின் மேல்தான் பாயும். பின்னால் மூலையில் நிற்கும் டின்னைத் தூக்கி வருகிற கேரக்டர் கெட்டிக்காரர்.

இன்னொரு விதி: சுமை தூக்கி நடப்பது, தோண்டுவது, நெல் குத்துவது போன்ற கடும் வேலை செய்யும் நாளில் சாப்பாடு ஒன்றரை மடங்கு. இதைச் சேர்த்ததும் ஆட்டமே மாறும். நாலு பேர் திருச்சியிலிருந்து நாமக்கல் போகிறார்கள் என்று வையுங்கள். 80, 90 கிலோமீட்டர். போக நாலு நாள், சுமையோடு திரும்ப நாலு நாள். எட்டு நாள், ஒன்றரை மடங்கு, ஆகப் பன்னிரண்டு கொட்டை. ஆளுக்கொரு சிப்பம் தூக்கி வந்தால் 56 கொட்டை வரவு. நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு சிப்பத்தோடு திரும்பினால் மிச்சம் இரண்டு கொட்டை. சைக்கிள் இருந்தால் ஆளுக்கு இரண்டு சிப்பம் கட்டித் தள்ளிக்கொண்டு வரலாம், வரவு இரட்டிப்பாகும். என் ஆட்டத்தில் துப்பாக்கிக்காக யாரும் சண்டை போட்டதில்லை. பஞ்சர் ஒட்டும் பெட்டிக்காகப் போட்டிருக்கிறார்கள்.

எந்த மாதம், எந்த ஊர்

உலகம் என்றைக்குக் குலைந்தது என்ற தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். காரணத்தைக்கூடச் சொல்லாமல் விடலாம், தேதியை விடக் கூடாது.

ஜனவரி, பிப்ரவரி என்றால் டெல்டாவில் சம்பா அறுவடை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் மலையாகக் கிடக்கும். ஊரே பணக்கார ஊர். அக்டோபர் கடைசி என்றால் கதை வேறு. குறுவை நெல் அறுத்து முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்; களத்தில் நனைந்த நெல் முளை விடும்; சம்பா வயலில் பச்சையாக நிற்கும், சாப்பிட ஆகாது. அதே நிலம், அதே மனிதர்கள், எட்டு மாத இடைவெளியில் இரண்டு வேறு ஆட்டங்கள். ரேஷன் கடைக்கும் இது பொருந்தும். மாதத் தொடக்கத்தில் உடைக்கப்பட்ட கடையும் 28-ஆம் தேதி உடைக்கப்பட்ட கடையும் ஒன்றாக இருக்க முடியாது.

நெல் கிடைத்தால் அரிசி கிடைத்துவிட்டதாக ஆட்டக்காரர்கள் நினைப்பார்கள். ஆலை ஓட மின்சாரம் இல்லை. ஊற வைத்து, அவித்து, காய வைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைக்க வேண்டும். 40 கிலோ நெல்லில் ஏறக்குறைய 26 கிலோ அரிசி தேறும். அதாவது ஒரு நெல் மூட்டை ஒரு சிப்பம். கணக்கு அழகாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த ஒரு மூட்டையைக் குத்தி முடிக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்று வையுங்கள், கடும் வேலைச் சாப்பாட்டோடு. நகரத்தில் வளர்ந்த கேரக்டர்களுக்கு உலக்கை பிடிக்கத் தெரியாது. தெரிந்த பாட்டி ஒருத்தி கிராமத்தில் இருப்பாள், அவளிடம் போய்க் கேட்க வேண்டும். இந்த ஆட்டங்களில் வயதானவர்கள் சுமையாகவே காட்டப்படுவது எனக்குப் பிடிக்காத விஷயம். அவிப்பது, குத்துவது, விதை எடுத்து வைப்பது எல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை ஆட்டத்தின் மையத்தில் வையுங்கள்.

நெல் உமியோடு இருக்கும் வரை பூச்சியைத் தாங்கும், மாதக்கணக்கில் நிற்கும். குத்திய அரிசி அப்படி நிற்காது. ஆகவே எவ்வளவைக் குத்துவது, எவ்வளவை நெல்லாகவே வைப்பது என்பதே ஒரு முடிவு.

திருச்சியை விட்டு வெளியே போனால் எங்கே என்ன இருக்கும் என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகள். விருதுநகரில் பருப்பும் எண்ணெயும். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். பொள்ளாச்சியில் தேங்காய். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பு. நாமக்கல்லில் முட்டைக் கோழிப் பண்ணைகள். இதில் நாமக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தீவன லாரி நின்றதும் சில நாளில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தும், பிறகு சாகும். முதல் வாரம் ஊருக்கே கறி. அடுத்த வாரம் ஊரை நெருங்க முடியாத நாற்றம். ஆனால் கலப்பதற்கு முன்னால் தீவன ஆலையில் குவிந்து கிடக்கும் மக்காச்சோளம் மனிதர்களும் சாப்பிடக்கூடியது. கோழியைத் தேடிப் போன கூட்டம் சோளத்தோடு திரும்புவது நல்ல செஷன். சோளத்தை உடைக்கத் திருகை வேண்டும். அதையும் யாராவது தூக்கி வர வேண்டும்.

கல்யாண மண்டபங்கள், கோயில் அன்னதானக் கூடங்கள், ஹாஸ்டல் மெஸ், சத்துணவுக் கூடம் இவற்றையும் மறக்க வேண்டாம். அங்கே அரிசியைவிட முக்கியமானது பெரிய அண்டாவும் கரண்டியும். எட்டுப் பேருக்குத் தனித்தனியாகச் சமைத்தால் விறகு இரட்டிப்பாகும்.

ஃபிரிட்ஜைப் பற்றி ஒரே வரி போதும்: கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், அதோடு முடிந்தது.

தண்ணீரும் அடுப்பும்

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். குளிக்க, கழுவ எல்லாம் சேர்த்து நிவாரண முகாம்களில் வைக்கும் குறைந்தபட்ச அளவு 15 லிட்டர். மே மாத வெயிலில் சுமையோடு நடந்தால் குடிக்க மட்டுமே மூன்று லிட்டருக்கு மேல் போய்விடும். போர்வெல் மோட்டார் ஓடாது. மேல்நிலைத் தொட்டி சில நாளில் வறண்டுவிடும். மிஞ்சுவது ஆறு, கிணறு, அடிபம்பு. வேலை செய்கிற அடிபம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊர். என் வரைபடத்தில் கோட்டைகளைக் குறிக்க மாட்டேன், அடிபம்புகளைக் குறிப்பேன்.

கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. சிக்கனமாக எரித்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதம் வரும், அதற்குமேல் இல்லை. பிறகு விறகு. ஆட்டத்துக்கு ஆளுக்கு நாளுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சீமைக் கருவேலம் எங்கும் கிடக்கிறது, அதனால் விறகு பஞ்சமாகாது. வெட்டுகிற நேரமும் முள்ளும் புகையும்தான் விலை. புகை தூரத்திலிருந்து தெரியும். இரவில் ஒரே முறை வடித்து, மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அடுப்பே மூட்ட வேண்டாம். ஒளிந்து வாழும் கூட்டத்துக்குப் பழைய சோறு ஒரு போர்த் தந்திரம். பருப்பை ஊற வைத்தால் விறகு மிச்சம். இப்படிச் சின்னச் சின்ன அறிவுக்கு ஆட்டத்தில் பலன் கொடுங்கள். யாராவது ஒரு ஆட்டக்காரர் 'ராத்திரியே ஊறப் போட்டுவிடுகிறேன்' என்று சொன்னால், அன்றைக்கு விறகுச் செலவைப் பாதியாக்கிவிடுவேன்.

பூச்சி

எங்கள் அப்பா மூட்டையைப் பார்த்ததும் சாக்கின் பக்கத்தில் குத்தூசியை ஏற்றி ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வாங்குவார். முதலில் மோந்து பார்ப்பார். பிறகு கட்டைவிரலால் பரப்புவார். சந்தேகம் வந்தால் வாயைப் பிரித்து முழங்கை வரை கையை உள்ளே விடுவார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அந்த மூட்டை தனியே போகும். பூச்சி பெருகினாலோ ஈரம் ஏறினாலோ தானியம் சூடாகும். அரிசியில் ஊசி குத்தினாற்போல ஓட்டையும் அடியில் மாவும் இருந்தால் வண்டு. நூல் கட்டிக் கொத்துக் கொத்தாகத் திரண்டு வந்தால் அந்துப்பூச்சி. பச்சையோ கறுப்போ பூத்து மூக்கை அடைக்கும் வாசம் வந்தால் பூஞ்சணம், அதைச் சாப்பிடக் கூடாது. வண்டு விழுந்ததை வெயிலில் பரப்பினால் வண்டு ஓடிவிடும், புடைத்துச் சாப்பிடலாம். வேற்று ஊரில் மூட்டை வாங்கும் காட்சியில் இந்தச் சோதனையை ஆட்டக்காரர்களைச் செய்ய வையுங்கள். 'மூட்டையைப் பார்க்கிறேன்' என்றால் சாக்கு நன்றாகத்தான் இருக்கும். 'கையை உள்ளே விடுகிறேன்' என்று சொன்னவருக்குத்தான் உண்மை தெரிய வேண்டும்.

விதி எளிது. மாதக் கடைசியில், மூட்டைகள் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு பக்க டைஸ் ஒன்று. மண் தரையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தால் 1, 2, 3 வந்தால் சேதம். கட்டை போட்டு அதன்மேல் அட்டி அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காய்ந்த வேப்பிலை போட்டிருந்தால் 1 வந்தால் மட்டும் சேதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டிலும் ஓர் எண் கூட்டிக்கொள்ளுங்கள். சேதம் என்றால் ஒரு சிப்பத்துக்கு மூன்று கொட்டை போகும்; ஒரு பகல் முழுக்க இரண்டு பேர் காய வைத்துப் புடைத்தால் இரண்டைத் திரும்பப் பெறலாம். பருப்புக்குச் செம்மண் கட்டிக் காய வைப்பதும் விளக்கெண்ணெய் தடவுவதும் தெரிந்த கேரக்டர் இருந்தால் பருப்புக்கு டைஸே வேண்டாம். எலி வந்தால் தானியம் மட்டும் போவதில்லை, எலிக்காய்ச்சலும் வரும். அதைப் பெரிய திருப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பசி எப்படி வேலை செய்கிறது

பல ஆட்டங்களில் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் உயிர்ப்புள்ளி குறையும், இரண்டாம் நாள் இன்னும் குறையும், மூன்றாம் நாள் ஒரு வேளை சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிடும். உடம்பு அப்படி இயங்குவதில்லை. பட்டினியில் ஆள் சாக வாரங்கள் ஆகும். 1981-ல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்தவர்கள் 46 முதல் 73 நாள் வரை உயிரோடு இருந்தார்கள். ஆனால் குறைச் சாப்பாட்டில் வாழும் மனிதர் அதற்கு வெகு முன்பே வேறு மனிதராகிவிடுகிறார். அந்த மாற்றத்தைத்தான் ஆட வேண்டும்.

இதற்கு இரண்டு சான்றுகளை வைத்திருக்கிறேன். 1944, 45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனை ஒன்று. தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம், நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். குளிர் தாங்கவில்லை. கால் வீங்கியது. எதிலும் நாட்டம் இல்லை, சாப்பாட்டைத் தவிர. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், அடுத்தவர் சாப்பிடும் விதத்தைப் பார்த்தே எரிச்சல்பட்டார்கள்.

மற்றது நம்முடையது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ல், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் அதை எதிர்த்தார். ஒரு பவுண்டு அரிசி என்றால் 454 கிராம், கலோரியில் 1,570 பக்கம் வரும். மினசோட்டாவில் மருத்துவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்குக் கொடுத்த அளவேதான், நம் ஊரில் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்து மண் சுமந்தவர்களுக்கும் கிடைத்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஆட்டத்தில் ஒரு ஊர்த் தலைவர் 'வேலை செய், ஆளுக்கு ஒரு படியளப்பு' என்று கேரக்டர்களுக்குப் பேரம் பேசும்போது, எத்தனை கிராம் என்று அவர்கள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விதியாக்கினால்: குறைப்புள்ளி என்று ஒரு கணக்கு. முக்கால் சாப்பாட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு புள்ளி. அரைச் சாப்பாட்டில் வாரத்துக்கு ஒன்று. வெறும் தண்ணீர் என்றால் மூன்று நாளுக்கு ஒன்று. 18 வந்தால் மரணம். மூன்று புள்ளியில் டைஸில் எதையும் மாற்ற மாட்டேன். ஒவ்வொரு காட்சியையும் வர்ணிக்கும்போது முதலில் அங்கே இருக்கும் உணவைத்தான் சொல்வேன். அறைக்குள் பிணம் கிடந்தாலும் அலமாரியில் இருக்கும் வெல்லம்தான் முதலில் வரும். ஆறில் ஒரே நாளில் இரண்டு கடும் வேலை முடியாது, இரவில் குளிர் நடுக்கும். ஒன்பதில் கால் வீங்கும், நடக்கும் தூரம் பாதி, காயம் ஆறாது. பன்னிரண்டில் எந்தக் காய்ச்சலும் உயிருக்கு ஆபத்து.

தேறுவதும் மெதுவாகத்தான். முழுச் சாப்பாட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு புள்ளி குறையும். ஆறு புள்ளிக்கு மேல் உள்ளவருக்கு எடுத்த எடுப்பில் விருந்து வைத்தால் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுபோகலாம். 1945-ல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தவர்கள் உண்டு. முதல் சில நாள் நீர்த்த கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக. மீட்கப்பட்டவர் சோறு கேட்டு அழ, தராமல் கஞ்சியை நீட்டும் காட்சியை ஒரு முறை ஆடிப் பாருங்கள்.

வயிறு நிறைந்தும் வரும் நோய்

குட் நகர முற்றுகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில், மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய இராக்), பிரிட்டிஷ் இந்தியப் படையைத் துருக்கியப் படை வளைத்தது, 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை 147 நாள். ஒரே முற்றுகைக்குள் இரண்டு நோய்கள். வெள்ளை மாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு, தயமின் (வைட்டமின் பி1) குறைவால் வரும் பெரிபெரி வந்தது. தவிடு நீக்காத ஆட்டா தின்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அது வரவில்லை. குதிரைக் கறி வேண்டாம் என்று மறுத்த இந்தியர்களுக்கு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி வந்தது. யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்பது நோயைத் தீர்மானித்தது. உங்கள் கேரக்டர்களில் சைவம் யார், என்ன தின்ன மாட்டார் என்பதைத் தாளில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

நம் களத்தில் பெரிபெரிக்கு மருந்து புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. மலாயாவில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி பரவியபோது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வந்தது. இதை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆனால் புழுங்கலரிசி வேக அதிக நேரம், அதிக விறகு. பச்சரிசி மட்டுமே இரண்டு மாதம் தின்ற கூட்டத்துக்குக் கால் மரத்துப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முருங்கை மரம் நிற்கிற ஊரில் ஸ்கர்வியைக் கொண்டுவராதீர்கள், நம்ப மாட்டார்கள். கிடங்குக்குள் அடைபட்டுக் கிடந்தால் மூன்று மாதத்தில் வரும். பயறை முளைக்கட்டத் தெரிந்தவர் தப்பிப்பார். கீரையே பார்க்காத குழந்தைகளுக்கு மாலைக்கண்.

டேபிளைச் சுற்றி

முதல் செஷனுக்கு முன்னால் எல்லாரிடமும் கேட்டுவிடுங்கள். பட்டினி சிலருக்கு ஆட்டமாக இருக்க முடியாது. ஈழத்தில் 2009 போரைத் தாண்டி வந்த குடும்பங்களில், அந்தப் பட்டினியின் நினைவாக மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் டேபிளில் இருக்கலாம். குழந்தை பட்டினி கிடக்கும் காட்சி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது.

அளந்து போடும் பொறுப்பை ஒரு கேரக்டரிடம் கொடுங்கள். வேறு எந்தப் பதவியையும்விட இதற்குத்தான் கனம். புதிதாக ஓர் ஆள் வந்து வாசலில் நிற்கும்போது எல்லாரும் அளந்து போடுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விதை நெல்லைத் தனி மூட்டையாகக் கட்டி, அதற்குக் கொட்டை எண்ணாமல், கிண்ணத்துக்கு வெளியே வையுங்கள். ஏக்கருக்கு 30 கிலோ. உரம் இல்லாமல் ஒரு டன் நெல் விளைந்தால் நாலு பேருக்கு ஏறக்குறைய ஒரு வருஷச் சோறு. கிண்ணம் காலியாகும் வாரத்தில் அந்த மூட்டையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை, அவர்களே பேசுவார்கள்.

தொடங்க ஒரு நிலைமை தருகிறேன். பிப்ரவரி 10. மண்ணச்சநல்லூரில் ஓர் ஆலையின் பின்கொட்டகை. எட்டுப் பேர். பூச்சி விழுந்ததைக் கழித்து 11 சிப்பம், ஆறு மூட்டை நெல், பாதி சிலிண்டர், ஒரு சைக்கிள். அடிபம்பு முந்நூறு மீட்டரில், வேறொரு கூட்டத்தின் கண்பார்வையில். அரிசியும் குத்திய நெல்லும் சேர்ந்து 238 கொட்டை. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. மதகைத் திறக்க அங்கே யாராவது இருந்தால், தண்ணீர் வந்தால், நட்டால், குறுவை கைக்கு வர செப்டம்பர் கடைசி ஆகும். அதுவரை எட்டுப் பேருக்கு 464 கொட்டை வேண்டும். மீதி 226-ஐ எங்கிருந்து கொண்டுவருவது என்று முதல் செஷனில் அவர்களைக் கேளுங்கள்.